நாலு கிலோ பொமரேனியன், எதைக் கொடுத்தாலும் வாந்தி: எந்தப் பூச்சி மாத்திரை ஒத்துக்கொள்ளும்?

தறிவீடு (சென்னிமலை), ஞாயிறு இரவு 8.50

எல்லோருக்கும் வணக்கமுங்க. எங்கள் வீட்டில் புஜ்ஜி என்று ஒரு பொமரேனியன் இருக்கிறாள். வயது ஐந்து. எடை நாலு கிலோவுக்குள்தான் இருக்கும். குட்டியாக வந்த நாளிலிருந்தே அவளுக்கு வயிறு ஆகாது. பால் ஒரு வாய் நக்கினால் அன்றைக்கு ராத்திரியே கழிச்சல். பேரன் கையிலிருந்து பிஸ்கட்டைப் பிடுங்கித் தின்றால் மறுநாள் முழுக்கச் சோற்றைத் தொடாமல் மூலையில் சுருண்டு கிடப்பாள். குழைந்த சாதம், வேகவைத்த கோழி, இந்த இரண்டை மட்டும் கொடுத்து ஒரு வழியாகத் தேற்றி வைத்திருக்கிறோம்.

போன ஆடியில் ஒரு மருந்துக் கடையில் கேட்டுப் பூச்சி மாத்திரை வாங்கினேன். "வெறும் வயிற்றில் கொடுங்க, அப்பத்தான் பூச்சி சாகும்" என்று சொன்னார்கள். காலையில் ஒன்றும் போடாமல் அரை மாத்திரையைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் வாயில் விட்டேன். விட்ட கையோடு வாயெல்லாம் நுரை. தலையை உதறி உதறிச் சுவரெல்லாம் எச்சில். அப்புறம் மதியத்துக்குள் நாலு தடவை மஞ்சளாக வாந்தி எடுத்தாள். என் மடியிலேயே நடுங்கிக்கொண்டு கிடந்தாள். அன்றைக்குப் பயந்ததுதான், எட்டு மாதமாகப் பூச்சி மருந்து என்ற பேச்சையே எடுக்கவில்லை.

இன்று காலையில் அவள் படுக்கிற நீலப் போர்வையை உதறினேன். வாலிருக்கிற பக்கம் அரிசிக் குருணை மாதிரி ஏழெட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. சோற்றுப் பருக்கை என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். ஒன்று மட்டும் மெல்ல நீண்டு சுருங்கியது. எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

வயிற்றைக் கெடுக்காத மருந்து ஏதாவது இருக்கிறதா? சிரப் நல்லதா, மாத்திரை நல்லதா? வீட்டில் மூன்று வயதுப் பேரன் இருக்கிறான், அந்தக் கவலை வேறு.


பவானிக்கரை, ஞாயிறு இரவு 9.20

அக்கா, அரிசி மாதிரி, அதுவும் அசைகிறது என்றால் அது நாடாப்புழுவின் துண்டுதான். காய்ந்தால் வெள்ளரி விதை போலவோ எள் போலவோ ஆகிவிடும். ஒன்றிரண்டைத் தூக்கிப் போடாமல் சின்ன டப்பாவில் துளி தண்ணீர் விட்டு எடுத்து வையுங்கள், டாக்டரிடம் காட்டலாம்.

இன்னொன்று. குட்டிகளுக்கு விற்கிற சிரப்பில் பெரும்பாலும் பைரண்டல் மட்டும்தான் இருக்கும். வயிற்றுக்கு மென்மையான மருந்து, எங்கள் வீட்டிலும் குட்டிக்கு அதுதான் கொடுத்தோம். ஆனால் நாடாப்புழுவை அது ஒன்றும் செய்யாது. மென்மையாக இருக்கிறதே என்று அதை வாங்கிவிடாதீர்கள்.

புஜ்ஜிக்குத் தெள்ளுப்பூச்சி இருக்கிறதா?


சாளைக்காரன் (காங்கேயம் பக்கம்), ஞாயிறு இரவு 9.45

அம்மிணி, இதற்கெல்லாம் எதற்கு டாக்டர்? எங்கள் தோட்டத்தில் ஆட்டுக்கு ஊற்றுகிற ஆல்பெண்டசோல் பாட்டில் எப்போதும் இருக்கும். அதிலேயே மூடியில் கால்வாசி நாய்க்கும் ஊற்றிவிடுவோம். ஐவர்மெக்டின் ஊசி மருந்தும் ரெண்டு சொட்டு சோற்றில் விட்டுக் கொடுப்பதுண்டு. பத்து வருடமாக இப்படித்தான். உங்களுக்கு வேண்டுமென்றால் பஸ்ஸில் போட்டுவிடுகிறேன்.


தறிவீடு (சென்னிமலை), ஞாயிறு இரவு 10.05

பவானிக்கரை தம்பி, தெள்ளு இருந்தது. மாசியிலிருந்தே வால் அடியைக் கடித்துக்கொண்டே இருக்கிறாள், அந்த இடத்தில் முடி கொட்டிவிட்டது. வெயில் கொப்புளம் என்று நினைத்திருந்தேன்.

சாளைக்கார அண்ணா, நீங்கள் சொல்வதற்கு நன்றிங்க. ஆனால் ஆட்டு மருந்தை இத்தனை சின்ன உடம்புக்குக் கொடுக்கப் பயமாக இருக்கிறது. யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மாட்டாஸ்பத்திரி (கோபி), திங்கள் காலை 6.15

அம்மிணி, நான் கால்நடை மருத்துவனாக முப்பது வருடம் அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். புஜ்ஜியை நேரில் பார்க்காமல் மருந்து எழுதித் தர மாட்டேன். ஆனால் நீங்கள் டாக்டரிடம் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்று சொல்லலாம். அதற்கு முன்னால், போன ஆடியில் கொடுத்த மாத்திரையின் அட்டை இருக்கிறதா? இருந்தால் அதில் உள்ளதை அப்படியே எழுதுங்கள்.


தறிவீடு (சென்னிமலை), திங்கள் காலை 7.30

இருக்குதுங்க டாக்டர், மீதி மாத்திரையோடு மருந்துப் பெட்டியிலேயே கிடக்கிறது. பிரசிகுவாண்டல் 50 மில்லிகிராம், பைரண்டல் 144, ஃபெபண்டல் 150. பத்து கிலோவுக்கு ஒரு மாத்திரை என்று போட்டிருக்கிறது.


மாட்டாஸ்பத்திரி (கோபி), திங்கள் காலை 9.00

சரி. அப்படியென்றால் முதலில் உங்கள் மனதில் இருக்கிற பாரத்தை இறக்கி வைக்கிறேன். நீங்கள் கொடுத்த அளவு தப்பில்லை. பிரசிகுவாண்டல் கிலோவுக்கு 5 மில்லிகிராம். நாலு கிலோவுக்கு 20. அரை மாத்திரையில் 25 இருக்கிறது. அந்த 5 மில்லிகிராம் கூடுதலால் ஒரு நாயும் நோகாது, அந்த மருந்து அவ்வளவு பத்திரமானது. தப்பு நடந்தது கொடுத்த விதத்தில்.

பிரசிகுவாண்டல் படு கசப்பு. மாத்திரை முழுசாகத் தொண்டையில் இறங்கினால் நாக்குக்குத் தெரியாது. பொடித்துத் தண்ணீரில் கரைத்தால் நாக்கு, அண்ணம், ஈறு எல்லா இடத்திலும் படும். உடனே எச்சில் ஊறி நுரைத்துக்கொண்டு வரும். பார்க்கிறவர்களுக்கு விஷம் குடித்த மாதிரி இருக்கும், பாதி நாய்களை அந்தக் கோலத்தில்தான் என்னிடம் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். அதோடு வெறும் வயிறு. ராத்திரி சாப்பிட்டது, காலையிலும் ஒன்றுமில்லை, பயம், கசப்பு எல்லாம் சேர்ந்தால் சின்ன நாய்க்கு மஞ்சள் பித்தநீர் வெளியே வராமல் என்ன செய்யும்?

இந்த வெறும் வயிற்றுப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும். நம் பக்கத்தில் அப்பாரு காலத்தில் வருடத்துக்கு ஒரு தடவை விளக்கெண்ணெய் குடித்துப் பேதி போவார்கள். அன்றைக்கு அடுப்பே பற்ற வைக்க மாட்டார்கள். வயிறு காலியாக இருந்தால்தான் பூச்சி மருந்தைக் கவ்வும் என்ற நினைப்பு. இன்றைய மருந்துகளுக்குப் பேதியும் வேண்டாம், பட்டினியும் வேண்டாம். பைரண்டல் புழுவின் தசையை இறுக்கி முடக்கிவிடும், குடலின் ஓட்டத்தில் அது தானாக வெளியேறிவிடும். ஃபெபண்டல் உடம்புக்குள் போய் ஃபென்பெண்டசோலாக மாறிப் புழுவைப் பட்டினி போடும். பிரசிகுவாண்டல் நாடாப்புழுவின் தோலைக் குலைத்துவிடும், பெரும்பாலும் அது குடலிலேயே செரித்துப் போய்விடும். அதனால் மலத்தில் புழு வந்து விழவில்லையே, மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து இரண்டாவது தடவை கொடுத்துவிடாதீர்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வயிறு பலவீனமான நாய்க்கு எந்த மாத்திரை என்று கேட்காதீர்கள், எந்தப் புழு என்று கேளுங்கள். தேவைப்படாத மருந்து ஒன்றைக் குறைத்தால் அதுவே வயிற்றுக்கு நிம்மதி. மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை எதற்கு இருக்கிறது? உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதபோது எல்லாவற்றையும் ஒரே அடியில் பிடிக்க. தெரிந்துவிட்டால் ஒன்றே போதும்.

நாடாப்புழு மட்டும்தான் என்றால் பிரசிகுவாண்டல் மட்டும் உள்ள மாத்திரை, ஒரே வேளை. உருண்டைப்புழு, கொக்கிப்புழு என்றால் பைரண்டல். அது ரத்தத்தில் அதிகம் சேராமல் குடலிலேயே வேலையை முடித்துக்கொண்டு போய்விடும், அதனால்தான் இரண்டு வாரக் குட்டிக்குக்கூடக் கொடுக்க முடிகிறது. சாட்டைப்புழு என்றால் ஃபென்பெண்டசோல், கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம் மூன்று நாள் தொடர்ந்து, உணவோடு. இதுவும் பெரும்பாலான நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் தெள்ளினால் வருகிற நாடாப்புழுவை அது பிடிக்காது. உங்களுக்கு வந்திருப்பது அந்த வகைதான் என்று உங்கள் வர்ணனையே சொல்கிறது.

எனவே, அந்த டப்பாவில் எடுத்து வைத்த துண்டோடு, புதிதாகப் போன மலத்தையும் ஒரு மூடியுள்ள டப்பாவில் எலுமிச்சங்காய் அளவு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சில மணி நேரத்துக்குள் கொண்டு போக முடியவில்லை என்றால் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம், உறைய விடக்கூடாது. துண்டையும் எதற்குக் கேட்கிறேன் என்றால், இந்த நாடாப்புழுவின் முட்டை துண்டுக்குள்ளேயே பொதி பொதியாக இருக்கும். மலத்தை மட்டும் நுண்ணோக்கியில் பார்த்தால் பல தடவை தப்பிவிடும்.

சாளைக்காரத் தம்பிக்குத் தனியாக எழுதுகிறேன். வேலைக்குப் போகும் முன் அந்த ஐவர்மெக்டின் பாட்டிலை நாய்ச் சோற்றுப் பக்கத்திலிருந்து எடுத்து வைத்துவிடுங்கள்.


வடவள்ளி மாடிவீடு (கோவை), திங்கள் பகல் 11.10

டாக்டர் ஐயா சொல்வது சரிதான், ஆனால் வயிறு ஆகாத நாய்க்கு இங்கிலீஷ் மருந்தே எதற்கு? எங்கள் அமுச்சி வேப்பங்கொழுந்தும் பூண்டும் அரைத்து நெல்லிக்காய் அளவு உருட்டிக் கொடுப்பார்கள். பூசணி விதையும் நல்லது என்கிறார்கள்.


பவானிக்கரை, திங்கள் பகல் 11.40

பூண்டு வேண்டவே வேண்டாங்க. வெங்காயமும் பூண்டும் ஒரே இனம், இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். கொக்கிப்புழு ஏற்கெனவே ரத்தம் உறிஞ்சிக்கொண்டிருக்கிற ஒரு சின்ன நாய்க்கு அதையும் கொடுத்தால் என்னாவது? நாலு கிலோ நாய்க்கு மொத்த ரத்தமே மூன்றரை டம்ளர் இருக்காது. நம் ஆட்களுக்கு ஒத்துப்போன மருந்து நாய்க்கும் ஒத்துப்போகும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.


மாட்டாஸ்பத்திரி (கோபி), திங்கள் மாலை 5.30

பவானிக்கரை சொன்னது சரி, ஆனால் அந்த டம்ளர் கணக்கு மட்டும் கூடிப்போய்விட்டது. நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு 80 முதல் 90 மில்லி ரத்தம். நாலு கிலோவுக்கு 350 மில்லி அளவுதான், ஒரு தண்ணீர் டம்ளரும் இன்னொன்றில் பாதியும். அதனால்தான் சின்ன நாய்க்கும் குட்டிக்கும் கொக்கிப்புழு எமன். கீழ் உதட்டை விலக்கி ஈறைப் பாருங்கள், ரோஜா நிறம் போய் வெளுத்திருந்தால், அல்லது மலம் தார் மாதிரி கருத்து ஒட்டினால், மாத்திரை வாங்கப் போகாதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வேப்பங்கொழுந்தால் கெடுதல் பெரிதாக வந்து நான் பார்த்ததில்லை, அதை நம்பிப் புழுவை விட்டுவிட்டதால் வந்த கெடுதலை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது சாளைக்காரத் தம்பி. கோபித்துக்கொள்ளாமல் இந்தக் கணக்கைப் பாருங்கள். மாட்டுக்குப் போடுகிற ஐவர்மெக்டின் ஒரு சதவீதம். ஒரு மில்லியில் 10 மில்லிகிராம், அதாவது 10,000 மைக்ரோகிராம். நாய்க்கு இதயப்புழு வராமல் தடுக்க மாதம் ஒரு தடவை கொடுக்கிற அளவு கிலோவுக்கு 6 மைக்ரோகிராம். நாலு கிலோ நாய்க்கு 24. உங்கள் பாட்டிலில் ஒரு சொட்டு என்பது சுமார் 500. ஒரே சொட்டில் இருபது பங்கு போய்விடுகிறது, நீங்கள் சொல்வது ரெண்டு சொட்டு. கோலி இன நாய்கள், அவற்றின் கலப்பு இவற்றில் பலவற்றுக்கு இந்த மருந்தை மூளைக்குள் போகாமல் தடுக்கிற ஏற்பாடு பிறவியிலேயே பழுதாக இருக்கும். தள்ளாடும், கண் தெரியாது, நினைவு தப்பும், செத்தும் போகும். அத்தனை ஆபத்தோடு கொடுத்தாலும் நாடாப்புழுவை ஐவர்மெக்டின் தொடவே தொடாது.

ஆல்பெண்டசோலும் அப்படித்தான். ஆட்டுக்கு அருமையான மருந்து. நாய்க்கு அதிகமானால் எலும்பு மஜ்ஜையைப் பாதித்து ரத்த அணு உற்பத்தியையே குறைத்துவிடும். மூடியில் கால்வாசி என்று ஊற்றும்போது முப்பது கிலோ காவல் நாய்க்கும் நாலு கிலோ பொமரேனியனுக்கும் ஒரே அளவு போகிறது, யோசித்துப் பாருங்கள்.


சாளைக்காரன் (காங்கேயம் பக்கம்), திங்கள் இரவு 8.00

கோபமெல்லாம் ஒன்றுமில்லைங்க டாக்டர். இந்தச் சொட்டுக் கணக்கை எனக்கு யாரும் சொன்னதில்லை. பாட்டிலை எடுத்து ஆட்டுப்பட்டிப் பரணில் வைத்துவிட்டேன்.

ஒரு சந்தேகம். எங்கள் தோட்டத்தில் கிடா வெட்டினால் குடல், ஈரல், நுரையீரலில் கெட்டதையெல்லாம் நாய்க்குப் போட்டுவிடுவோம். அதில் பூச்சி வருமா?


மாட்டாஸ்பத்திரி (கோபி), திங்கள் இரவு 8.40

வரும். இந்த இழையிலேயே மிக முக்கியமான கேள்வி இதுதான்.

ஈரலிலோ நுரையீரலிலோ தண்ணீர் கோத்த கட்டி பார்த்திருப்பீர்கள். அது இன்னொரு வகை நாடாப்புழுவின் இளம்பருவம். நாய் அதைப் பச்சையாகத் தின்றால் அதன் குடலில் சில மில்லிமீட்டர் நீளத்தில் ஆயிரக்கணக்கில் வளரும். அரிசி மாதிரி கண்ணுக்குத் தெரியாது, நாய்க்கும் ஒன்றும் செய்யாது, நன்றாக ஓடியாடித் திரியும். அதன் முட்டை மலத்தோடு வெளியேறி, நாயின் முடியில் ஒட்டி, கை வழியாக மனிதர் வயிற்றுக்குள் போனால் ஆட்டுக்கு வந்த அதே நீர்க்கட்டி நமக்கு ஈரலில், நுரையீரலில் வரும். வருடக்கணக்கில் தெரியாமல் வளர்ந்து கடைசியில் அறுவைச் சிகிச்சை வரை போகும்.

கட்டி உள்ளதை நாய்க்குப் போடாதீர்கள், குழி தோண்டிப் புதையுங்கள். மற்றதை நன்றாக வேகவைத்துப் போடுங்கள். தோட்டத்து நாய்களுக்குப் பிரசிகுவாண்டல் எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். இரை பிடிக்கிற, குடல் தின்கிற நாய்க்கு மூன்று மாதம் என்பது போதாது.


ரெண்டு பக் (திருப்பூர்), செவ்வாய் காலை 10.15

டாக்டர் சொன்ன மலப் பரிசோதனைக்கு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். எங்கள் சின்னப் பக்குக்கு இரண்டு மாதம் விடாமல் சளி சளியாகக் கழிச்சல். பூச்சிதான் என்று நானே முடிவு செய்து, ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்றதும் இன்னொன்று என்று மூன்று விதமான மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். எலும்பும் தோலுமாக ஆகிவிட்டாள். கடைசியில் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். மலத்தைப் பார்த்துவிட்டு ஜியார்டியா என்றார்கள். அது புழுவே கிடையாது, ஒற்றைச் செல் உயிராம். நான் கொடுத்த மாத்திரைகள் அதற்கு உரிய முறையில் இல்லை. ஃபென்பெண்டசோலைச் சில நாள் தொடர்ந்து கொடுத்து, தினமும் பின்புறம் கழுவி, படுக்கையை மாற்றி, அப்புறம்தான் தேறினாள்.

அந்த இரண்டு மாதம் அவள் என்னைப் பார்த்த பார்வையை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறாது. தயவுசெய்து முதலில் பரிசோதனை செய்யுங்கள்.


பொள்ளாச்சித் தென்னை, செவ்வாய் பகல் 1.00

குட்டிகளுக்கு எப்போது ஆரம்பிப்பது? எங்கள் டாஷ் நாலு குட்டி போட்டிருக்கிறாள், பன்னிரண்டு நாள் ஆகிறது.


மாட்டாஸ்பத்திரி (கோபி), செவ்வாய் பகல் 2.20

இரண்டு வாரத்தில் ஆரம்பிக்க வேண்டும், அதாவது நாளை மறுநாள். உருண்டைப்புழு தாயின் வயிற்றிலிருக்கும்போதே குட்டிக்கு வந்துவிடும், கொக்கிப்புழு பாலில் வரும். பைரண்டல், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, எட்டு வாரம் வரை. அப்புறம் ஆறு மாதம் வரை மாதம் ஒன்று. ஒவ்வொரு தடவையும் எடை பாருங்கள், குட்டி இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். தாய்க்கும் சேர்த்துக் கேளுங்கள்.


தறிவீடு (சென்னிமலை), வியாழன் இரவு 9.10

இன்று ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தோம். துண்டைப் பார்த்ததுமே தெள்ளினால் வரும் நாடாப்புழு என்று சொல்லிவிட்டார்கள். மலத்தில் கொக்கிப்புழு, உருண்டைப்புழு முட்டை எதுவும் இல்லை. ஈறும் நல்ல நிறம். பிரசிகுவாண்டல் மட்டும் உள்ள 50 மில்லிகிராம் மாத்திரையில் பாதி, ஒரே வேளை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

எடை பார்த்த கதையைச் சொல்ல வேண்டும். புஜ்ஜி தராசுத் தட்டில் நிற்கவே மாட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் ஆடு நிறுக்கிற கொக்கித் தராசு வைத்திருக்கிறார். அவளைப் பெரிய மஞ்சப்பைக்குள் உட்கார வைத்து, தலையை மட்டும் வெளியே விட்டுக் கொக்கியில் மாட்டினோம். அசையாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையின் எடை போக 3 கிலோ 700.

நாளைக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். கை நடுங்குகிறது. எப்படிக் கொடுப்பது, அப்புறம் எதைக் கவனிப்பது? பேரன் விஷயத்தையும் சொல்லுங்கள் டாக்டர்.


மாட்டாஸ்பத்திரி (கோபி), வியாழன் இரவு 9.50

நல்ல காரியம் செய்தீர்கள். அவள் வழக்கமாகச் சாப்பிடுகிற சாதம், கோழியில் பாதியை முதலில் கொடுங்கள். புதிதாக எதையும் சேர்க்காதீர்கள், பனீர், நெய், பால் எதுவும் வேண்டாம், அப்புறம் வயிறு கெட்டால் எதனால் என்று தெரியாது. கோழியைப் பிசைந்து சுண்டைக்காய் அளவில் மூன்று உருண்டை. முதலாவதில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் மாத்திரை, உடைத்த முகம் உள்பக்கம் இருக்கட்டும், அங்கேதான் கசப்பு. மூன்றாவதைக் கையில் வைத்து மூக்குக்கு நேரே காட்டிக்கொண்டே இரண்டாவதைக் கொடுங்கள். அடுத்தது வருகிறது என்ற அவசரத்தில் மெல்லாமல் விழுங்குவாள். பிறகு மீதிச் சோறு.

பகலில் கொடுங்கள், நீங்கள் வீட்டிலிருக்கிற நாளாகப் பார்த்து. ஒரு தடவை வாந்தி, ஒன்றிரண்டு இளக்கமான மலம், கொஞ்சம் சோம்பல் இருந்தால் பயப்படாதீர்கள். கொடுத்த சற்று நேரத்தில் வாந்தியோடு மாத்திரையும் வந்துவிட்டால் நீங்களாக இன்னொன்று கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். வாந்தி நிற்காமல் போனாலோ, ரத்தம் கண்டாலோ, முகம் வீங்கினாலோ, எழுந்திருக்காமல் கிடந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஏற்கெனவே கழிச்சல் இருக்கிற நாளில் கொடுக்காதீர்கள்.

தெள்ளு மருந்தை அதே நாளில் போட வேண்டாம். இரண்டு மூன்று நாள் கழித்துப் போடுங்கள், ஆனால் கட்டாயம் போடுங்கள், மூன்று மாதம் விடாமல். தெள்ளுக்குள்தான் அந்தப் புழுவின் குஞ்சு இருக்கிறது. அரிக்கிற இடத்தை நாய் கடிக்கும்போது தெள்ளை விழுங்கும், மூன்று வாரத்தில் மறுபடி அரிசி விழும். மாத்திரை மேல் பழி வரும்.

பேரனுக்கு இந்த நாடாப்புழு வர வேண்டுமென்றால் அவன் தெள்ளை விழுங்க வேண்டும், அது அபூர்வம். நான் அதிகம் கவலைப்படுவது உருண்டைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும்தான். புஜ்ஜிக்கு இப்போது இல்லை, ஆனால் தெருவில் உண்டு. உருண்டைப்புழு முட்டை மலத்தோடு விழுந்தவுடன் தொற்றாது, மண்ணில் இரண்டு வாரத்துக்கு மேல் கிடந்து முதிர வேண்டும். ஆகவே வாசலில், மணலில் விழுகிற மலத்தை அன்றன்றைக்கே அள்ளிவிட்டால் பாதி வேலை முடிந்தது. கொக்கிப்புழுக் குஞ்சு ஈரமண்ணில் காத்திருந்து வெறுங்கால் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஐப்பசி கார்த்திகை மழையில் பையனைச் செருப்பில்லாமல் வெளியே விடாதீர்கள். சாப்பிடும் முன் கை கழுவட்டும். நாயைக் கொஞ்ச வேண்டாம் என்று மட்டும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.


தறிவீடு (சென்னிமலை), சனி பகல் 12.30

கொடுத்துவிட்டேன். நேற்றுக் காலை ஒன்பதரைக்கு. இரண்டாவது உருண்டை தொண்டையில் இறங்கினதே தெரியவில்லை, மூன்றாவதை என் விரலோடு சேர்த்துக் கவ்வினாள். நுரை இல்லை. பக்கத்திலேயே பாய் போட்டு உட்கார்ந்திருந்தேன், தறிப்பக்கம் போகவே இல்லை. மத்தியானம் தூங்கினாள். பொழுதோட எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வாசலில் வந்த பால்காரரைக் குரைத்தாள். இன்று காலையில் ஒரு தடவை மட்டும் கொஞ்சம் இளக்கமாகப் போனாள், சோறு முழுக்கச் சாப்பிட்டாள்.

மருந்துப் பெட்டியில் இருந்த பழைய அட்டையைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. எட்டு மாதம் அதன் மேல் வீணாகப் பழி போட்டேன்.


ரெண்டு பக் (திருப்பூர்), சனி பகல் 12.50

அப்பாடா. படிக்கப் படிக்க எனக்கே கண் கலங்கிவிட்டது அக்கா. தெள்ளுச் சீப்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சீப்பில் வருகிற கறுப்புத் தூளை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டினால் செம்மண் நிறமாகக் கரையும். கரைந்தால் அது தெள்ளின் எச்சம், உறிஞ்சின ரத்தம்தான். கரையாவிட்டால் வெறும் மண்.


தறிவீடு (சென்னிமலை), மூன்று வாரம் கழித்து, ஞாயிறு காலை 7.40

டாக்டருக்கும் தம்பிகளுக்கும் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.

தெள்ளு மருந்து எடைக்குத் தகுந்த அளவில் பிடரியில் விட்டோம். முதல் வாரம் சீப்பில் வந்த தூள் வெள்ளைத் துணியில் அப்படியே காவி நிறமாகப் பரவியது. அவள் படுக்கைத் துணிகளை எல்லாம் கொதிக்கிற தண்ணீரில் ஊற வைத்துத் துவைத்து மொட்டை மாடி வெயிலில் போட்டேன். தறிக்குழி ஓரத்தில் இருந்த பஞ்சுத் தூசியையும் கூட்டி அள்ளினோம், அதற்குள்ளும் தெள்ளு இருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இந்த வாரம் துணியில் இரண்டு புள்ளிதான்.

வால் அடியில் முடி முளைக்கிறது, தடவினால் மொறமொறவென்று இருக்கிறது. ஐப்பசிக்கு முன்னால் மறுபடி மலம் பார்க்கக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். இன்று காலையில் நீலப் போர்வையை மாடிக்குக் கொண்டு போய் வெளிச்சத்தில் விரித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு ஓரம் ஓரமாகப் பார்த்தேன். பேரனும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து விரலால் தொட்டுத் தொட்டுத் தேடினான். ஒன்றும் இல்லைங்க. புஜ்ஜியின் முடி மட்டும்தான் இருந்தது.